சந்தனம் பூசிய பேட்டரி

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். வீட்டில் அலமாரி மாட்டுவதற்கு பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் டிரில் ஒன்று வாங்கப் போகிறாராம். "எத்தனை வோல்ட் வாங்கட்டும் மேடம்?" என்று கேட்டார். "அலமாரி எவ்வளவு உயரத்தில் வருது?" என்று கேட்டேன். அவர் மிகவும் மரியாதையாக, "மேடம், நான் டிரில்லைப் பத்திக் கேட்டேன்," என்றார். நானும் அதைப் பற்றித்தான் கேட்டேன் தம்பி. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைப் போனில் சொன்னால் உங்கள் டாக்டைம் போய்விடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. நெருக்கடி வந்தால் சிரிப்பு வரும். எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் எனக்கு மட்டும் வயிற்றுக்குள் குபுகுபு என்று கிளம்பும். ஆடிட்டில் சிரித்திருக்கிறேன், திட்டு வாங்கும்போது சிரித்திருக்கிறேன். ஸ்டோர்ஸில் இருந்த காலம் முழுக்க இந்தச் சிரிப்பு என்னை மாட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு முறை நல்லது செய்தது. அந்தக் கதைதான் இது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் நான் சாமான் கிடங்கான ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். வெறும் கூடாக வரும் பஸ்களுக்கு சீட், கூரைப் பலகை, லக்கேஜ் தட்டு எல்லாம் மாட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. எல்லாமே ஸ்குரூ வேலை. ஸ்குரூ என்றால் டிரில், டிரில் என்றால் வயர். ஒரு பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் வேலை செய்தால் நடக்கும் வழி முழுக்க வயர் பின்னிக் கிடக்கும். தினமும் யாராவது தடுக்கி விழுவார்கள். விழுந்தவர் எழுந்து தூசி தட்டிக்கொண்டு அடுத்தவர் விழுவதற்காகக் காத்திருப்பார். எங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

ஒருநாள் மேனேஜரே வந்து மாட்டினார். சலவைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாகப் பின்படியில் ஏறி, "இது வேலை செய்ற இடமா, மீன் வலை காயப் போட்ட இடமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் காலில் வயர் சிக்கியது. தரையில் புது ரெக்சின் ஒட்டியிருந்தது. அதனால் மனிதர் விழவில்லை, வழுக்கினார். கடைசி வரிசையிலிருந்து டிரைவர் சீட் வரைக்கும் ஒரே பயணம். பிடிக்க வேறு எதுவும் கிடைக்காமல் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். விளக்குகளைச் சோதிப்பதற்காக அன்றைக்குத்தான் பஸ்ஸுக்குப் பேட்டரி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். ஹார்ன் அலறியது. அவர் நெஞ்சை எடுக்கும் வரைக்கும் அலறிக்கொண்டே இருந்தது. நான் ஸ்டோர்ஸுக்கு ஓடி ரெக்சின் சுருளுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்து முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அடி எதாவது பட்டுதா சார்?" என்று கேட்டேன்.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. வயர் இல்லாத மிஷின் வாங்க வேண்டும், பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஸ்டோர்ஸுக்கு.

இந்த இடத்தில் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்குப்பட்டுப் பெண். முதலில் டிரிம்மிங்கில் இருந்தாள். தைத்து வரும் சீட் உறைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலை அது. அங்கிருந்து சண்டை போட்டு ஃபிட்டிங்குக்கு வந்தாள். ஃபிட்டிங்கில் இருந்த ஒரே பெண் அவள்தான். கூரைப் பலகை மாட்டும் வேலை அவளுக்கு. ஸ்டூல் மேல் ஏறி, அண்ணாந்து பார்த்தபடி, கனமான டிரில்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஸ்குரூ முடுக்க வேண்டும். அந்தப் பழைய டிரில்லைத் தூக்கிக்கொண்டு அவளால் மற்றவர்கள் வேகத்துக்கு ஓட முடியவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இந்த வேலை ஒத்து வராது. ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் திரும்ப டிரிம்மிங்தான்," என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஸ்டெல்லாவிடம் கேட்டால், "நூல் வெட்டிகினு குந்தினு இருக்கறதுக்கு நான் வூட்லயே இருந்துடுவேன்கா. ஏறி உக்காந்தவன் அண்ணாந்து பாத்தான்னா நான் போட்ட கூரை தெரியணும்," என்பாள். சொல்லும்போதே வலது தோளை இடது கையால் அமுக்கிக்கொள்வாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சென்னையிலிருந்து ஒரு சேல்ஸ்மேன் வந்தார். டை கட்டிய இளைஞர். சோதித்துப் பார்க்க இரண்டு மிஷின் கொண்டுவந்தார். ஒன்று பதினெட்டு வோல்ட், பெரியது. இன்னொன்று பன்னிரண்டு வோல்ட், சின்னது. ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு பேட்டரி. எங்கள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அதன் மேல் தடித்த மரக்கட்டை ஒன்றைப் பொருத்தி, பெரிய மிஷினை வைத்து அழுத்தினார். நாங்கள் கண் சிமிட்டுவதற்குள் ஓட்டை. அடுத்து இரும்புத் தகடு, அதிலும் ஓட்டை. எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். சின்ன மிஷினால் மெல்லிய பலகையில் ஓர் ஓட்டை போட்டுக் காட்டினார். யாரும் பார்க்கக்கூட இல்லை.

பெரிய மிஷின் மேல் முதலில் காதல் வயப்பட்டவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஊர்ப் பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஷெட்டிலேயே பலசாலி. ஒற்றை ஆளாக இரட்டை சீட்டைத் தூக்கி உள்ளே வைப்பார். மிஷினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "யக்கா, பாத்தியளா? இது மிஷினா, ஆனைல்லா!" என்றார். சின்னதைக் காட்டி, "இது என்னது? ஜூஸ் அடிக்கத்தான் ஆவும், ஜூஸ் கடைக்குக் குடுத்துவிடுங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. பெரிய மிஷினை வாங்கி ஒரு தடவை தலைக்கு மேலே தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு ஓட்டையைவிட மேஜைதான் உறுத்தியது. எங்கள் ஷெட்டில் மேஜை மேல் யார் வேலை செய்கிறார்கள்? அதில் சோறு சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். வேலையில் பாதி அண்ணாந்து பார்த்துச் செய்வது, மீதி குனிந்து செய்வது. அதனால், "சார், பஸ்ஸுக்குள்ள வச்சு ஒருவாட்டி பாத்துடலாமே," என்றேன். மேனேஜருக்கு எரிச்சல். பெரியதை வாங்க அவர் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "சரி, விஜயதசமி அன்னைக்குக் காலையில வச்சுக்கலாம். நல்ல நாள். அன்னைக்கே முடிவு. புது மிஷின் வந்தும் அந்தப் பொண்ணு பின்னாடி நின்னா அதுக்கும் அன்னைக்கே முடிவு," என்றார். சேல்ஸ்மேன் இரண்டு மிஷினையும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

ஆக ஸ்டெல்லாவின் வேலையும் அந்த மிஷினோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. பெரியது வந்தால் அவளால் தூக்கி நிற்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர் முதல் ஸ்டூல் வரைக்கும் வரிசையாக அடுக்கினோம். அன்றைக்கு எந்தக் கருவியையும் தொட்டு வேலை செய்யக் கூடாது, பொட்டு மட்டும் வைக்கலாம். சந்தனக் கிண்ணத்தை இசக்கிமுத்து யாரிடமும் கொடுக்கவில்லை. சின்ன மிஷினுக்குப் போனால் போகிறது என்று உடம்பில் ஒரு பொட்டு. பெரிய மிஷினைப் படத்துக்கு நேராக நடுவில் உட்கார வைத்து, அதன் பேட்டரிகளைத் தனியாகக் கழற்றி இரண்டு பக்கமும் காவலுக்கு நிறுத்தி, நிதானமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். ஸ்டெல்லா எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் அள்ளிக் கொடுத்தாள். வாசலில் பூசணிக்காய் உடைத்தவரும் இசக்கிமுத்துதான். அவர் உடைத்த வேகத்தில் ஒரு துண்டு பறந்து வந்து மேனேஜர் ஷூவில் விழுந்தது. நான் மறுபடியும் ரெக்சின் சுருளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை எல்லோரும் மேனேஜர் வழுக்கிய அதே பஸ்ஸுக்குள் கூடினோம். இடது பக்கக் கூரை இசக்கிமுத்துவுக்கு, பெரிய மிஷின். வலது பக்கக் கூரை ஸ்டெல்லாவுக்கு, சின்ன மிஷின். பலகைகளை நாலு மூலையிலும் ஏற்கெனவே ஸ்குரூ போட்டுப் பிடித்து வைத்திருந்தோம், வரிசையாக முடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். சேல்ஸ்மேன் டையைச் சரிசெய்துகொண்டார். இசக்கிமுத்து பேட்டரியைச் செருகி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, விசையை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது பேட்டரியைப் போட்டார். அதுவும் ஊமை. சேல்ஸ்மேன் மிஷினை வாங்கி அழுத்தினார், குலுக்கினார், காதில் வைத்துப் பார்த்தார். "முழு சார்ஜ் போட்டுத்தான் சார் குடுத்தேன். இது மாதிரி ஆனதே இல்ல சார்," என்றார். பாவம், அவர் குரலே சார்ஜ் இறங்கியது போலிருந்தது. எதிர்ப் பக்கத்தில் ஸ்டெல்லா சின்ன மிஷினை அழுத்தினாள். விர்ரென்று சுற்றியது.

மேனேஜர் வாசலைப் பார்த்தார். பஸ் முதலாளி வேலையைப் பார்க்க வரும் நேரம். "நல்ல நாளும் அதுவுமா படுத்துட்டுது. இதை நம்பி எப்படி வாங்கறது? சரி, சின்னதே இருக்கட்டும். முடிஞ்சுது," என்றார். ஸ்டெல்லா ஸ்டூல் மேலேயே குதித்தாள். நான் செத்துப்போன பேட்டரிகளைப் பெட்டியில் வைப்பதற்காக ஸ்டோர்ஸுக்கு எடுத்துப் போனேன்.

பெட்டியில் வைக்கும்போதுதான் பார்த்தேன். பேட்டரியின் உச்சியில் மிஷினோடு ஒட்டும் பித்தளைத் தகடுகள் இருக்கும். மின்சாரம் போக வேண்டிய வழி அது. இசக்கிமுத்துவின் கண்ணுக்கு அந்தப் பளபளப்புத்தான் நெற்றியாகத் தெரிந்திருக்கிறது. தகடு தெரியாமல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். இரவு முழுக்கக் காய்ந்து கெட்டியாகிப் போயிருந்தது. எந்த மிஷினை உயிராக நினைத்தாரோ அதன் மூச்சை அவரே அடைத்துவிட்டார். சின்ன மிஷினின் பேட்டரியை அவர் மதிக்கவே இல்லை, அதனால் அது பிழைத்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்க முடியவில்லை. பேட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பின்னாலேயே வந்த ஸ்டெல்லா பேட்டரியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், அவளும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, இத யார்கிட்டயும் சொல்ல மாட்டதானே?"

அதுதான் நெருக்கடி. வெளியே அவசரப்படும் மேனேஜர். உள்ளே, பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும் ஒரு பெண். ஒரு துணியை எடுத்துத் துடைக்கலாம், அல்லது பெட்டியை மூடலாம். சிரிப்பு அடங்கினால்தானே எனக்குப் பேச்சு வரும்? அந்த இடைவெளியில்தான் யோசித்தேன். உடனே வாய் திறந்திருந்தால், "சொல்ல மாட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

"இப்ப மூடிட்டோம்னு வையி. இன்னிக்கே அந்த சேல்ஸ்மேன் தம்பி பேட்டரிய எடுத்துப் பாப்பாரு. பெருசு நல்லாத்தான் கீதுன்னு தெரிஞ்சா சார் சும்மா இருப்பாரா? உன்னால தூக்க முடியாதுன்றதுக்காக நாம மூடி வச்சோம்னு பேரு வரும். அப்ப மொதல்ல யாரு டிரிம்மிங்குக்குப் போவா?" என்றேன்.

"துடைச்சா இன்னிக்கே போவேன்!" என்றாள். கோபத்தில் என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

"இசக்கியாலயும் ரொம்ப நேரம் தூக்க முடியாதுடி. நீ பாரேன்," என்றேன். எனக்கும் அது உறுதியாகத் தெரியாது. பழைய டிரில்லைத் தூக்கிப் பிடித்துப் பிடித்து மற்றவர்களும் சாயங்காலத்தில் தோளைத் தடவுவதைப் பார்த்திருக்கிறேன், அதை நம்பித்தான் சொன்னேன். பயமாக இருந்தது. காட்டன் வேஸ்ட்டில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சற்று நேரம் பொறுத்து, என் கையிலிருந்து இரண்டாவது பேட்டரியைப் பிடுங்கி அவளே துடைத்தாள்.

நாங்கள் திரும்பிப் போய்ச் செருகியதும் பெரிய மிஷின் உறுமியது. எல்லோரும் பின்வாங்கினார்கள். விஷயத்தைச் சொன்னேன். இசக்கிமுத்துவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "யக்கா, நல்லா இருக்கட்டும்னுல்லா பூசினேன்!" என்றார். பஸ்ஸே குலுங்கியது. சேல்ஸ்மேன் சிரித்த சிரிப்பில் டை அவிழ்ந்தது. மேனேஜர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆரம்பித்தார்கள். முதல் பலகையை இசக்கிமுத்து புயலாக முடித்தார். ஸ்குரூ பலகைக்குள் புதைந்தே போனது. சேல்ஸ்மேன் மிஷினின் கழுத்து வளையத்தைத் திருப்பி, அளவான இறுக்கத்துக்கு வைத்துக் கொடுத்தார். இரண்டாவது பலகையிலும் இசக்கிமுத்துதான் முன்னால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது பலகையில் அவர் கையை ஒருமுறை இறக்கி உதறினார். அடுத்ததில் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் உதறினார். முன்கை நடுங்க ஆரம்பித்தது, ஸ்குரூ கோணலாகப் போனது. கடைசியில் மிஷினை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பேட்டரி தீந்துடுச்சா?" என்று மேனேஜர் கேட்டார்.

"அது அப்பிடியே இருக்கு சார். எனக்குத்தான் தீந்துட்டு."

எதிர்ப் பக்கத்தில் ஸ்டெல்லா நிற்கவில்லை. நடுவில் சின்ன மிஷினின் பேட்டரி இறங்கியது, கழற்றி மற்றதைப் போட்டாள், தீர்ந்ததை சார்ஜரில் செருகச் சொல்லிக் கீழே நீட்டினாள், அடுத்த ஸ்குரூவுக்குப் போய்விட்டாள். மேனேஜர் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை என்று எனக்குத் தோன்றியது. "இசக்கிக்கு நேத்து பூசணிக்கா உடைச்ச வலியா இருக்கும்," என்று முனகினார். "அப்ப மிஷின மாத்திப் பாத்துடலாம் சார்," என்றேன்.

மாற்றினோம். பெரிய மிஷினைத் தூக்கிய ஸ்டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பலகையை முடித்து இறக்கிவிட்டாள். சின்ன மிஷினை வாங்கிய இசக்கிமுத்து அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மேலே தூக்கினார், ஒரு வரிசை முழுக்கப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முடித்தார். இறங்கவும் இல்லை. "யக்கா, கையில இருக்கதே தெரியலயே!" என்று கத்தினார். ஜூஸ் கடைக்கு அனுப்பச் சொன்ன அதே மனிதர். "யோவ், என் மிஷின குடுய்யா!" என்று ஸ்டெல்லா கீழே நின்று அவர் லுங்கியைப் பிடித்து இழுத்தாள்.

மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே ஸ்டூலில் ஏறினார். முதலில் பெரியதை எடுத்தார், சீக்கிரமே கொடுத்துவிட்டார். பிறகு சின்னதை வாங்கி ஸ்குரூ மேல் ஸ்குரூவாக முடுக்கிக்கொண்டே போனார். பஸ் முதலாளி வந்து வாசலில் நிற்பதாகச் சொல்லியும் இறங்கவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார்.

கூரை வேலைக்குச் சின்னதும், தரையில் தடித்த சட்டங்களைத் துளைக்க ஒரு பெரியதும் வாங்கினோம். அதனால்தான் தம்பி, அலமாரி எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று கேட்டேன். கடைக்காரர் மேஜை மேல் வைத்து ஓட்டை போட்டுக் காட்டுவார், கை தட்டிவிட்டு நகருங்கள். பேட்டரியோடு சேர்த்துக் கையில் வாங்கி, உங்கள் வீட்டில் எந்த உயரத்தில் வேலையோ அந்த உயரத்துக்குத் தூக்கிக் கொஞ்ச நேரம் பிடித்து நில்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். மாற்றுப் பேட்டரி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை மிஷின் உடம்பில் வையுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. இசக்கிமுத்து மாதிரி ஆசைப்பட்டுத் தகட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸுக்குள் நான் மிஷினைப் பற்றி நினைக்கவே இல்லை. ஸ்டெல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் மாட்டிய வலது பக்கக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி மெதுவாக முன்பக்கம் நடந்தார். ஸ்டெல்லா வலது தோளை அமுக்கிக்கொண்டு நின்றாள். படி வரைக்கும் போனவர் திரும்பி என்னைப் பார்த்து, "டிரிம்மிங்குக்கு வேற ஆள் பாருங்கம்மா," என்றார்.

அவ்வளவுதான். ஸ்டெல்லா எங்கள் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நேராக டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹார்னை அமுக்கினாள். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வாசலில் நின்ற பஸ் முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். நான் ரெக்சின் சுருளைத் தேடவில்லை. நின்ற இடத்திலேயே, மேனேஜர் முகத்துக்கு நேராகவே சிரித்தேன்.

"என்ன சார் சத்தம் இது?" என்று முதலாளி பதறிப்போய்க் கேட்டார்.

"ஹார்ன் நல்லா இருக்கான்னு பார்க்கறாங்க சார்," என்றார் மேனேஜர். பிறகு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து சிரிப்பாக வர, "நான் ஏற்கெனவே செக் பண்ணிட்டேன்," என்றார்.